அடி யார் மேலே விழுது?

1

சில சந்தோசங்களை வெளியே சொல்லிக்கொள்ளக் கூடாது என்று படித்தவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. மட்டமான சண்டைப் படம் பார்ப்பது அதில் ஒன்று. 'பாப்பேன், ஆனா குப்பைன்னு தெரிஞ்சேதான் பாப்பேன்' என்று ஒரு முன்னுரை போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். சத்யஜித் ரேயைப் பற்றிப் பேசும்போது இந்த முன்னுரை தேவைப்படுவதில்லை. ஜெய்சங்கர் குதிரை மேல் உட்கார்ந்து துப்பாக்கியைச் சுழற்றுகிற படம் என்றால் மட்டும் தேவைப்படுகிறது.

சேரியில் யாரும் இந்த முன்னுரையைப் போட்டு நான் கேட்டதில்லை. 'சண்டை எத்தினி?' என்று கேட்பார்கள். அஞ்சு என்றால் கிளம்பிவிடுவார்கள். ரெண்டு என்றால் 'போடா, பேசியே சாவடிப்பானுங்க' என்று படுத்துக்கொள்வார்கள். இதில் வெட்கம் எங்கே இருக்கிறது?

ஆகவே இந்தக் குற்ற உணர்வுக்கு ஒரு விலாசம் உண்டு. அது எல்லா வீட்டுக்கும் வருவதில்லை. மாட்டுக்கறி விசயத்தை யோசித்துப் பாருங்கள். அக்ரகாரத்திலிருந்தோ ஊர்த்தெருவிலிருந்தோ வந்த ஒருத்தன் நண்பர்களோடு ஒளிந்து பீப் பிரியாணி தின்கிறான். அவனுக்கு அது திருட்டு ருசி. வாயைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவான். நமக்கு அது ஞாயித்துக்கிழமை சாப்பாடு. ஒரே கறிதான். ஒருத்தனுக்குத் தீட்டாகவும் இன்னொருத்தனுக்குச் சோறாகவும் இருக்கிறது. சினிமா ரசனையிலும் இதே கதைதான். உசந்தது, தாழ்ந்தது என்று முதலில் கோடு போட வேண்டும். அப்புறம் கோட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து 'ஐயோ' என்று வருத்தப்பட வேண்டும். கோடு போட்டவனுக்குத்தான் தாண்டுகிற சுகம்.

கோட்டைத் தாண்டி வந்து சிரித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. காந்தி ஷா 1998இல் மிதுன் சக்கரவர்த்தியை வைத்து எடுத்த 'குண்டா' என்ற இந்திப் படம் அப்படித்தான் பேர் வாங்கியது. பொறியியல் கல்லூரி விடுதிகளில் கூட்டமாகப் போட்டுப் பார்த்து, வசனங்களை மனப்பாடமாக ஒப்பித்துச் சிரித்தார்கள். விஜயகாந்த் உடம்பில் கரண்ட் பாய்ச்சப் போய் டிரான்ஸ்பார்மரே வெடிக்கிற 'நரசிம்மா' (2001) காட்சியை நம் ஆட்களும் இப்படித்தான் செல்போனில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தியேட்டரில் உட்கார்ந்து விசில் அடித்தவனும் சிரித்தான்தான். ஆனால் அவன் நாயகனோடு சேர்ந்து சிரித்தான். இவர்கள் விசில் அடித்தவனையும் சேர்த்தே சிரிக்கிறார்கள். வித்தியாசம் இருக்கிறது.

இந்த வகைக் குற்ற உணர்வை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் இதோடு கேள்வி முடிந்துவிடவில்லை. ரசனைத் தீட்டு பொய் என்று ஆனபிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

2

முதலில் அந்தச் சந்தோசம் என்ன என்று பார்ப்போம்.

ஒசூரை எடுத்துக்கொள்வோம். 1970களில் சிப்காட் வந்தது. 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். 50 மொபெட்டும் வந்தன. அந்தப் பத்தாண்டின் பின்பாதியில் டைட்டன் கடிகாரம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காருகிற ஊர். ராயக்கோட்டை, சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து களி தின்று வளர்ந்த நிலமில்லாத சனங்கள் கூலிக்கு வந்து சேர்ந்தார்கள். சிலர் பர்மனென்ட் ஆனார்கள். மிச்சப்பேர் காண்ட்ராக்ட். கிருஷ்ணகிரிப் பக்கம் தங்கியவர்களுக்குக் கிரானைட் குவாரி, மாந்தோப்புக் காவல், லாரி கிளீனர் வேலை.

இந்த ஊரில் தெலுங்குப் படமும் கன்னடப் படமும் டப்பிங் இல்லாமலே ஓடும். எட்டு மணி நேரம் மிஷினுக்கு முன்னால் நின்று வந்தவனுக்கு வசனம் புரியாவிட்டால் என்ன? சண்டைக்கு அகராதி வேண்டாம். ஒளிப்பதிவாளர் கர்ணன் 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) என்று வரிசையாக எடுத்த குதிரைப் படங்கள், புரூஸ் லீ, ஆந்திராவிலிருந்து வந்த விஜயசாந்தி, எல்லாம் இப்படித்தான் நம் சனங்களிடம் வந்து சேர்ந்தது. பெங்களூர் ஆட்டோக்களில் இன்னைக்கும் சங்கர் நாக் படம் ஒட்டியிருக்கிறது. 'ஆட்டோ ராஜா' 1980இல் வந்தது. அவர் 1990இல் கார் விபத்தில் செத்துப்போனார். படம் போய்விட்டது, ஆளும் போய்விட்டார், ஆட்டோக்காரன் விடவில்லை. காக்கிச் சட்டை போட்ட கூலிக்காரனை நாயகனாக்கினவனை அவன் மறக்கவில்லை.

சூப்பர்வைசர் 'ஏய்' என்று கூப்பிட்டால் திரும்பி முறைக்க முடியாது. கேட் பாஸ் அவன் கையில். ஊருக்குப் போனால் சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன தெரு இருந்தது. அங்கேயும் முறைக்க முடியாது. வாங்கின அடி உடம்பில் தங்கிப்போகிறது. திரையில் ஒல்லியா, கறுப்பா, நம்மளை மாதிரி ஒருத்தன் பத்துப் பேரைத் தூக்கி அடிக்கும்போது அந்த உடம்பு கொஞ்சம் நிமிர்கிறது. விஜயகாந்தைக் 'கறுப்பு எம்.ஜி.ஆர்.' என்று கூப்பிட்டார்களே, அதில் 'கறுப்பு' என்ற சொல்லுக்குத்தான் கைதட்டல்.

தோழர்கள் இதை அபின் என்பார்கள். கோபத்தை வடிய வைக்கிற குழாய் என்பார்கள். கோபம் என்ன தண்ணித் தொட்டியா, திறந்துவிட்டால் காலியாவதற்கு? ராத்திரி செகண்ட் ஷோ பார்த்தவன்தான் காலையில் யூனியன் கொடியையும் பிடித்தான். ரெண்டும் ஒரே கைதான்.

3

இந்த வழக்கு நம்மிடம் மட்டும் நடந்ததில்லை. 1971இல் அமெரிக்காவில் மெல்வின் வான் பீபிள்ஸ் என்ற கறுப்பர் சொந்தக் காசையும் கடன் காசையும் போட்டு 'ஸ்வீட் ஸ்வீட்பேக்' என்று ஒரு மலிவுப் படம் எடுத்தார். வெள்ளைப் போலீசை அடித்துவிட்டு ஓடுகிற கறுப்பனின் கதை. அவன் கடைசிவரை மாட்டவில்லை. அதுவே புதுசு. கருஞ்சிறுத்தைகளின் தலைவர் ஹ்யூயி நியூட்டன் இதைப் புரட்சிகரமான படம் என்று தங்கள் பத்திரிகையில் விரிவாக எழுதினார். 'எபனி' பத்திரிகையில் லெரோன் பென்னட் எதிர்த்து எழுதினார். வறுமையையும் காமத்தையும் அழகாக்கிக் காட்டிவிட்டு விடுதலை என்கிறீர்களா என்று கேட்டார். அப்புறம் 'ஷாஃப்ட்', 'சூப்பர் ஃபிளை', 'காஃபி' என்று பணம் கொட்டியது. பெரும்பாலும் வெள்ளைக் கம்பெனிகளின் பெட்டியில் கொட்டியது. கறுப்பர் உரிமைச் சங்கத்தைச் சேர்ந்த ஜூனியஸ் கிரிஃபின் 1972இல் இந்தப் படங்களுக்குச் 'சுரண்டல் படம்' என்று பெயர் வைத்தார். கறுப்பு உடம்பை விற்று, கறுப்பன் காசையே பிடுங்குகிற படம் என்று அர்த்தம்.

அதே 1972இல்தான் பம்பாயில் தலித் பேந்தர்கள் அந்தச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பெயர் வந்தது. இந்த விவாதம் வரவில்லை. தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த நம் சனங்களின் சந்தோசத்தைப் பற்றி நாமே உட்கார்ந்து பேசவில்லை. ஒரு பக்கம் 'சீ, குப்பை' என்றோம். இன்னொரு பக்கம், அப்புறம் வந்த கோட்பாட்டுக்காரர்கள் 'ஆகா, கலகம், கொண்டாட்டம்' என்றார்கள். ரெண்டு பேருமே அடி விழுந்தவனைக் கவனிக்கவில்லை.

4

இனி பாக்கிக் கணக்குக்கு வருவோம்.

1991 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. 'கேப்டன் பிரபாகரன்' வெளியாகிறது. ஆர்.கே. செல்வமணி இயக்கம், விஜயகாந்தின் நூறாவது படம். சின்னப் பட்ஜெட் படம் இல்லை. ஆனால் அந்த மலிவுப் படங்களின் ருசியை எல்லாம் திரட்டி வைத்த படம். சந்தனக் கடத்தல்காரன் வீரபத்திரனாக மன்சூர் அலிகான். அவனைப் பிடிக்க வருகிற நாயகன் வன அதிகாரி. சாகிற நண்பனும் (சரத்குமார்) வன அதிகாரி. வீரபத்திரன் யார் என்று தர்மபுரி மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒசூரும் கிருஷ்ணகிரியும் அன்னைக்கு தர்மபுரி மாவட்டம்தான். 2004இல்தான் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடத்தில் அதே வருசம் தேவராஜ் நடித்து 'வீரப்பன்' என்றே படம் வந்தது. காடு நம் வாசலில் இருந்தது. படம் பார்த்து நாம் விசில் அடித்தோம். நாயகன் காக்கி போட்டுக்கொண்டு, கெட்ட அதிகாரிகளையும் சேர்த்து உதைத்தான். நல்லாத்தான் இருந்தது.

பதினாலு மாசம் கழித்து, 1992 ஜூன் 20. அரூர் பக்கம் வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடிகளின் கிராமம். சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். அடித்தார்கள். வீடுகளை இடித்தார்கள். தானியத்தைக் கொட்டினார்கள். 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். அதில் பள்ளிக்கூடம் போகிற வயசுப் பிள்ளைகளும் உண்டு. பெண்கள் 90 பேர், குழந்தைகள் 28 பேர், ஆண்கள் 15 பேர், ஆக 133 பேரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் போட்டார்கள். சி.பி.ஐ. வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதில் 155 பேர் வனத்துறை. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

படம் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் வாச்சாத்திக்குப் போனார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது முட்டாள்தனம். பழங்குடியை அடிக்க வனத்துறைக்கு சினிமா தேவையில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பழக்கம். நான் கேட்பது வேறு. படத்தில் காட்டுக்குள் காக்கி நுழையும்போது நாம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம்? கேமரா எங்கே வைக்கப்பட்டதோ அங்கே. ஜீப்பில். வீட்டு வாசலில் நின்று, ஜீப் வருவதைப் பார்க்கிற பொம்பளையின் கண்ணிலிருந்து அந்தப் படங்கள் எதுவும் காட்டவில்லை. ஜீப் வந்தால் ஓடி ஒளிகிற சாதியில் பிறந்தவன், மூணு மணி நேரம் ஜீப்புக்குள் உட்கார்ந்து சந்தோசப்பட்டான். அந்த மூணு மணி நேரத்துக்கு அவன் காசு கொடுத்தான்.

வீரப்பன் தேடுதல் வேட்டையில் அதிரடிப்படை என்ன செய்தது என்பதும் பின்னாடி வந்தது. மாதேசுவரன் மலையில் சனங்களைக் கொண்டுபோய்ச் சித்திரவதை செய்த இடத்துக்கு 'ஒர்க் ஷாப்' என்று பெயர். ஒசூரில் ஒர்க் ஷாப் என்றால் நாம் சோறு சம்பாதிக்கிற இடம். நீதிபதி சதாசிவா குழு விசாரித்த பிறகு, 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பனைச் சுட்டபோது பட்டாசு வெடித்தார்கள். அந்த 89 பேருக்காக ஒரு படத்திலும் விசில் அடிக்கவில்லை.

ஆக, ரசனைத் தீட்டு பொய்யாக இருக்கலாம். ஆனால் சண்டைக் காட்சியில் விழுகிற ஒவ்வொரு அடியும் யாரோ ஒருத்தர் மேல் விழுகிறது. அது யார் என்ற கேள்வி பொய் இல்லை.

5

இந்தப் படங்களில் அடிக்கு முன்னால் இன்னொன்று நடந்தாக வேண்டும். தங்கச்சியைக் கெடுக்க வேண்டும். நாலாவது ரீலில் அது நடந்தால்தான் அண்ணன் அஞ்சாவது ரீலில் புறப்பட முடியும். போஸ்டரில் பாதி இடம் அந்தக் காட்சிக்கு. கிழிஞ்ச ரவிக்கை, கத்துகிற வாய். சில கொட்டாய்களில் நடுவில் 'பிட்டு' வேறு ஒட்டுவார்கள். அவள் செத்துப்போவாள். செத்தால்தான் கதைக்கு வசதி. அவள் உயிரோடு இருந்து, நீதிமன்றத்துக்கு நடந்து, கூட்டத்தில் நின்ற அதிகாரியைக் கைகாட்டி 'இவன்தான்' என்று சொல்கிற படம் ஒன்றுகூட ஓடியதாக எனக்கு நினைவில்லை. வாச்சாத்திப் பெண்கள் செய்தது அதைத்தான்.

மலிவுப் படத்தை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. 1994இல் சேகர் கபூரின் 'பண்டிட் குயின்' வந்தது. உலக விழாக்களில் கைதட்டல் வாங்கிய கலைப்படம். பூலன்தேவி மல்லா சாதிப் பெண். அவள் அப்போது உயிரோடு இருந்தாள். என் அனுமதியில்லாமல் என் மானத்தைத் திரையில் திரும்பத் திரும்பப் பறிக்கிறீர்களே என்று நீதிமன்றம் போனாள். அருந்ததி ராய் அதைக் கண்டித்து எழுதினார். கொட்டாயில் ஓடினால் ஆபாசம், விழாவில் ஓடினால் யதார்த்தம். பூலனுக்கு ரெண்டும் ஒன்றுதான்.

6

அப்படியென்றால் சண்டைப் படமே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. அடி எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து எட்டுகிற தூரத்தில் இருக்கிறது கோலார் தங்கவயல். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து போன தலித் சனங்கள்தான் பெரும்பாலும் அந்தச் சுரங்கத்தில் இறங்கினார்கள். மாரிக்குப்பத்தில் அயோத்திதாசரோடு தொடர்புள்ள பவுத்த சங்கம் இருந்தது. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். 2018இல் 'கே.ஜி.எஃப்' என்று கன்னடப் படம் வந்து இந்தியா பூராவும் ஓடியது. அதில் சுரங்க சனங்கள் வாயில்லா அடிமைகள். வெளியிலிருந்து வருகிற ஒருத்தன் சம்மட்டி எடுத்து அடித்து மீட்கிறான். சண்டை பிரமாதம், நானும் கண்ணெடுக்காமல் பார்த்தேன். ஆனால் அந்தச் சம்மட்டி அடியில் நொறுங்கியது வில்லன் மட்டும் இல்லை. சங்கமும் வேலைநிறுத்தமும் படிப்பகமும் வைத்திருந்த ஒரு சனத்தின் வரலாறும் சேர்ந்து நொறுங்கியது.

2021இல் வந்த மாரி செல்வராஜின் 'கர்ணன்' படத்தில் ஊர் சனமே போலீசைத் திருப்பி அடிக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் என்ன செய்தது என்று தெரிந்தவனுக்கு அந்த அடி எங்கே போய்ச் சேருகிறது என்று புரியும். அதே விசில்தான், அதே தரை டிக்கெட் சந்தோசம்தான். திசை மட்டும் மாறியிருக்கிறது.

ஆனால் திசை சரியாக இருந்தால் மட்டும் போதும் என்று உட்கார்ந்துவிடவும் முடியாது. 2016 நவம்பரில் பெங்களூர் பக்கம் 'மாஸ்தி குடி' படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து மூணு பேர் நீர்த்தேக்கத்தில் குதித்தார்கள். நாயகன் கரையேறினார். உயிர்காப்பு உடுப்பு இல்லாத ரெண்டு சண்டை நடிகர்கள் முழுகிப்போனார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் பா. ரஞ்சித்தின் 'வேட்டுவம்' படப்பிடிப்பில் கார் கவிழ்ந்து ஒரு சண்டைக் கலைஞர் செத்தார். அடி யார் மேல் விழுது என்ற கேள்வி உவமை இல்லை. சில நேரம் நிஜமாகவே ஒரு முதுகு உடைகிறது. நம் பக்கத்துப் படத்திலும் உடைகிறது.

7

இன்னும் ஒன்று. இந்தப் படங்கள் கொடுக்கிற பெரிய சந்தோசம், நியாயம் உடனே கிடைப்பது. வாச்சாத்திக்குத் தீர்ப்பு வர 19 வருசம், அது உறுதியாக 31 வருசம். இதைப் பார்த்த சனம், ரெண்டரை மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்கிற முஷ்டிக்கு விசில் அடிக்காமல் என்ன செய்யும்? அந்த விசிலில் ஏமாளித்தனம் இல்லை, அனுபவம் இருக்கிறது.

ஆனால் அதே விசில்தான் 2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் பக்கம் நாலு பேரைப் போலீஸ் சுட்டபோது பூவாக விழுந்தது. அண்ணல் அம்பேத்கர் மறைந்த நாள் அது. சட்டம் எழுதிய மனிதனின் நினைவு நாளில் சட்டத்தைச் சுட்டதற்குக் கைதட்டினார்கள். போலீஸ் வேண்டுமென்றே கொல்லத்தான் சுட்டது என்று சிர்புர்கர் ஆணையம் 2022இல் சொன்னது. உடனடி நியாயம் என்று வந்தால் முதலில் சுடப்படுகிறவன் யார் என்று நம் சனத்துக்குத் தெரியும். லாரி கிளீனர், கூலிக்காரன், சாட்சி சொல்ல ஆளில்லாதவன்.

ஆகவே குற்ற உணர்வு வேண்டாம், கணக்கு வேண்டும். குற்ற உணர்வு தனியாள் சரக்கு. மனசுக்குள் கொஞ்சம் உறுத்திவிட்டு அடுத்த படத்துக்கு டிக்கெட் எடுக்கும். கணக்கு நாலு பேர் உட்கார்ந்து பார்ப்பது. செகண்ட் ஷோ விட்டு வரும்போது டீக்கடையில் நாம் எப்போதும் பேசிக்கொண்டுதானே வருகிறோம், 'அந்த மூணாவது சண்டை சூப்பர்டா' என்று. அதோடு சேர்த்து இதையும் பேசினால் என்ன: அவன் எவனை அடிச்சான்? அவன் பேரு என்னா, எந்தத் தெரு? அந்தப் பொண்ணு ஏன் சாகணும்? ஜீப்பிலே நாம ஏன் உக்காந்தோம்?

இதைக் கேட்டால் சந்தோசம் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். எனக்குக் கெடவில்லை. சில படங்கள் செத்துப்போகும், போகட்டும். சில படங்கள் முன்னைவிடப் பிடிக்கும். 269 பேருக்கு எதிராக 31 வருசம் நின்ற வாச்சாத்திப் பெண்களைவிடப் பெரிய சண்டைக்காரர்களை நான் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை. அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை, பின்னணி இசை இல்லை. வரிசையில் நிறுத்திய ஆட்களைப் பார்த்து விரலை நீட்டினார்கள். அந்த விரலுக்கு விசில் அடிக்கத் தெரிந்துவிட்டால், அப்புறம் எந்தச் சண்டைப் படத்தையும் நாம் தைரியமாகப் பார்க்கலாம்.